அமெரிக்காவில் இன்டர்ன்ஷிப், கஞ்சா, ட்ரக் டெஸ்ட்: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோடை இன்டர்ன்ஷிப் ஆஃபர் கைக்கு வந்து, அதன் கடைசிப் பக்கத்தில் "ட்ரக் டெஸ்ட் முடிவைப் பொறுத்தே வேலை" என்ற வரியைப் பார்த்த பிறகுதான் பலருக்கு இந்தக் கேள்விகள் எழுகின்றன. அமெரிக்காவில் படிக்கும் தமிழ் மாணவர்களை, முக்கியமாக எஃப்-1 (மாணவர்) விசாவில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது. அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்கள் விசா பற்றிய பகுதியைத் தாண்டிப் போகலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் தாண்டக் கூடாது. இது பொதுவான தகவல்தான், வக்கீல் சொல்லும் ஆலோசனைக்கு ஈடாகாது.

என் மாநிலத்தில் கஞ்சா சட்டபூர்வம்தானே? அப்புறம் கம்பெனி எப்படி டெஸ்ட் எடுக்கலாம்?

மாநிலச் சட்டம் உங்களுக்குத் தருவது ஒன்றுதான்: குறிப்பிட்ட அளவு வைத்திருந்தால் மாநிலப் போலீஸ் பிடிக்காது. உங்களை வேலைக்கு எடுத்தே ஆக வேண்டும் என்று அது கம்பெனியைக் கட்டாயப்படுத்துவதில்லை. சில மாநிலங்கள் மட்டும் தனியாக அப்படி ஒரு சட்டம் போட்டிருக்கின்றன. அதை அடுத்த கேள்வியில் பார்ப்போம்.

கொலராடோ நல்ல உதாரணம். 2012ல் வாஷிங்டன் மாநிலத்தோடு சேர்ந்து, பொழுதுபோக்குக்காகக் கஞ்சா பயன்படுத்துவதை முதலில் அனுமதித்த மாநிலம் அது. அங்கே பிராண்டன் கோட்ஸ் என்பவர் டிஷ் நெட்வொர்க் நிறுவனத்தில் வேலை பார்த்தார். கார் விபத்தில் கை கால் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்தவர். மாநில அனுமதி அட்டையோடு, வேலை நேரத்துக்கு வெளியே, வீட்டில் மருத்துவக் கஞ்சா எடுத்துக்கொண்டார். 2010ல் டெஸ்டில் பாசிட்டிவ் வந்து வேலை போனது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015ல் நீதிபதிகள் கம்பெனி பக்கம்தான் தீர்ப்புச் சொன்னார்கள்: மத்திய சட்டப்படி குற்றமாக இருக்கும் ஒன்றை "சட்டபூர்வமான செயல்" என்று சொல்லிப் பாதுகாப்புக் கேட்க முடியாது. அவ்வளவு நியாயம் பக்கத்தில் இருந்த ஒருவருக்கே இதுதான் நிலைமை.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. கஞ்சாவைப் பொழுதுபோக்குக்கு அனுமதித்த எல்லா மாநிலங்களிலும் வயது வரம்பு 21. இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு இளங்கலை மாணவர்களில் பலருக்கு அந்த வயதே ஆகியிருக்காது. "இங்கே லீகல்" என்பது அவர்களுக்குப் பொருந்தவே பொருந்தாது.

எந்த மாநிலங்களில் பாதுகாப்பு இருக்கிறது?

நியூயார்க் மாநிலத்தில்தான் பாதுகாப்பு அதிகம். 2021ல் வந்த சட்டத்துக்குப் பிறகு, வேறு சட்டம் கட்டாயப்படுத்தினால் ஒழிய, கம்பெனிகள் கஞ்சாவுக்கு டெஸ்ட் எடுக்க முடியாது. உடம்பில் கஞ்சா வாசனை வந்தது என்பதை மட்டும் வைத்துப் போதையில் இருக்கிறார் என்று முடிவு செய்யக் கூடாது என்றுகூட அந்த மாநிலத் தொழிலாளர் துறை விளக்கம் கொடுத்திருக்கிறது.

கலிஃபோர்னியாவில் 2024 ஜனவரி 1 முதல் புதுச் சட்டம். வேலை நேரத்துக்கும் வேலை இடத்துக்கும் வெளியே கஞ்சா எடுத்ததற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது. போதை தராத கழிவுப் பொருளைக் கண்டுபிடிக்கும் டெஸ்டை வைத்து ஒருவரை ஒதுக்கக் கூடாது. இதை டெஸ்டே கிடையாது என்று படித்துவிட வேண்டாம். கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. என்ற பொருளையே நேரடியாகத் தேடும் டெஸ்ட் (உமிழ்நீர் டெஸ்ட் அந்த வகை) எடுக்கலாம். கட்டுமானத் தொழிலும், மத்திய அரசின் பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் வேலைகளும் இதில் சேராது.

வாஷிங்டன் மாநிலச் சட்டமும் 2024 ஜனவரி 1ல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது வேலைக்கு எடுக்கும் கட்டத்துக்கு மட்டும். சேர்ந்த பிறகு எடுக்கும் டெஸ்டுகளுக்குப் பொருந்தாது. விமானத் தொழில், விண்வெளித் தொழில் இரண்டுக்கும் விலக்கு உண்டு. அந்த மாநிலத்தில் இன்டர்ன்ஷிப் தேடும் மெக்கானிக்கல், ஏரோஸ்பேஸ் மாணவர்களில் எத்தனை பேர் அந்தத் துறைக்குப் போகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நெவாடாவில் 2020 முதலும், நியூ ஜெர்சியில் 2021 சட்டத்தாலும் ஓரளவு பாதுகாப்பு உண்டு.

டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் பொழுதுபோக்குக் கஞ்சாவே குற்றம். அங்கே தனியார் கம்பெனி விரும்பினால் டெஸ்ட் எடுக்கும்.

படிப்பது ஒரு மாநிலம், இன்டர்ன்ஷிப் இன்னொரு மாநிலம் என்றால், பெரும்பாலும் வேலை நடக்கும் இடத்தின் சட்டம்தான் பேசும். கல்லூரி இருக்கும் ஊரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

எந்த மாதிரிக் கம்பெனிகள் டெஸ்ட் எடுக்கும்?

சாஃப்ட்வேர் இன்டர்ன்களிடம் டெஸ்ட் கேட்பது குறைவு. தொழிற்சாலை, எண்ணெய், ரசாயனம், மின்சாரம், மருத்துவமனை, ராணுவத் தளவாடம் என்று போனால் டெஸ்ட் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்திலோ பிளான்ட்டிலோ கால் வைக்கும் இன்டர்னுக்கும் நிரந்தர ஊழியருக்கும் ஒரே விதிதான் பல இடங்களில். நர்சிங், பார்மசி மாணவர்களிடம் மருத்துவமனைப் பயிற்சிக்கு முன்பு கல்லூரியே டெஸ்ட் கேட்பதும் உண்டு.

அமேசான் 2021 ஜூன் மாதம், போக்குவரத்துத் துறை விதிகளுக்கு உட்படாத வேலைகளுக்குக் கஞ்சா டெஸ்டைக் கைவிடுவதாக அறிவித்தது. அந்த விதிகளுக்கு உட்பட்ட வேலை என்றால் (லாரி, விமானம், ரயில், குழாய்ப் பாதை) மத்திய அரசு டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டும் என்கிறது. மாநிலச் சட்டம் அங்கே எடுபடாது.

மத்திய அரசின் மானியம் வாங்கும் பேராசிரியரிடம் இன்டர்ன் வேலை என்றால் டெஸ்ட் கட்டாயமா என்று சிலர் கேட்கிறார்கள். 1988ல் வந்த போதையற்ற பணியிடச் சட்டத்தைக் காட்டித்தான் கேட்கிறார்கள். போதைப் பொருள் கூடாது என்ற கொள்கையை எழுதி வைக்கச் சொல்கிறதே தவிர, அந்தச் சட்டம் டெஸ்ட் எடுக்கச் சொல்லவில்லை.

டெஸ்ட் எப்படி நடக்கும்?

ஆஃபரை ஏற்றுக்கொண்ட பிறகு ஒரு மின்னஞ்சல் வரும். அதில் ஒரு லேப் முகவரியும் கெடுவும் இருக்கும். கெடு பெரும்பாலும் குறுகியது, ஒன்றிரண்டு நாள்தான். ஊரில் இல்லை, பரீட்சை இருக்கிறது என்றால் கெடு முடிவதற்கு முன்பே எச்.ஆர்.க்கு எழுதிவிடுங்கள். போகாமலே இருப்பதைப் பல கம்பெனிகள் மறுப்பாகவே எடுத்துக்கொள்ளும்.

லேபில் அடையாள அட்டை கேட்பார்கள். பாஸ்போர்ட் கொண்டு போவது நல்லது. இந்தியன் டிரைவிங் லைசென்ஸை நீட்டினால் விழிப்பார்கள். பாக்கெட்டில் இருப்பதை வெளியே வைக்கச் சொல்வார்கள். கழிப்பறைத் தொட்டியில் நீல நிறத் தண்ணீர் இருக்கும், அதிலிருந்து தண்ணீர் எடுத்துக் கலக்காமல் இருப்பதற்காக. சிறுநீர் கொடுத்த 4 நிமிடத்துக்குள் அதன் வெப்பத்தைப் பார்ப்பார்கள். 90 முதல் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்க வேண்டும்.

மத்திய அரசு முறைப்படி, கஞ்சாவுக்கு முதல் கட்ட டெஸ்டில் ஒரு மில்லிலிட்டர் சிறுநீருக்கு 50 நானோகிராம் என்பது எல்லை. அதைத் தாண்டினால் இன்னும் துல்லியமான கருவியில் மறுபடி பார்ப்பார்கள். அங்கே எல்லை 15. தனியார் கம்பெனிகளும் பெரும்பாலும் இந்த முறையைத்தான் பின்பற்றுகின்றன, எண்கள் கொஞ்சம் மாறலாம்.

பாசிட்டிவ் வந்தால், முறையாக நடக்கும் இடத்தில் முடிவு நேராகக் கம்பெனிக்குப் போகாது. மெடிக்கல் ரிவ்யூ ஆஃபீசர் என்ற மருத்துவர் முதலில் உங்களைக் கூப்பிட்டு, ஏதாவது மருந்துச் சீட்டு இருக்கிறதா என்று கேட்பார். நம் மாணவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். தெரியாத நம்பர் என்றால் எடுப்பதே இல்லை. மோசடி அழைப்புகளுக்குப் பயந்து அப்படிப் பழகிவிட்டோம், அதில் தப்பும் இல்லை. ஆனால் டெஸ்ட் கொடுத்த அடுத்த ஒன்றிரண்டு வாரம் மட்டும் எல்லா அழைப்பையும் எடுங்கள், வாய்ஸ்மெயிலைக் கேளுங்கள். உங்களைப் பிடிக்க முடியாவிட்டால் உங்கள் விளக்கம் இல்லாமலேயே முடிவு கம்பெனிக்குப் போய்விடும்.

எத்தனை நாள் வரை தெரியும்?

போதை சில மணி நேரத்தில் இறங்கிவிடும். சிறுநீர் டெஸ்ட் தேடுவது போதையை இல்லை, டி.எச்.சி. உடைந்து உண்டாகும் கழிவுப் பொருளை. டி.எச்.சி. கொழுப்பில் கரையும் பொருள். உடம்பின் கொழுப்பில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். அதனால்தான் சனிக்கிழமை பார்ட்டி புதன்கிழமை டெஸ்டில் தெரிகிறது. கலிஃபோர்னியா சட்டம் இந்த முரண்பாட்டை மனதில் வைத்துத்தான் எழுதப்பட்டது. நேற்று போதையில் இருந்தாரா, இன்று போதையில் இருக்கிறாரா என்பதை இந்த டெஸ்ட் சொல்லாது என்பது உண்மையிலேயே அதன் பெரிய குறை.

பொதுவாகச் சொல்லும் கணக்கு: ஒரே ஒரு முறை எடுத்தவருக்குச் சிறுநீரில் 3 நாள் வரை. வாரத்தில் சில முறை என்றால் ஒரு வாரம் வரை. தினமும் எடுப்பவருக்கு இரண்டு வாரம், நீண்ட காலமாக நிறைய எடுப்பவருக்கு 30 நாளையும் தாண்டும். உமிழ்நீரில் ஒன்று முதல் மூன்று நாள். தலைமுடி டெஸ்டில் 90 நாள் வரை பின்னோக்கிப் பார்ப்பார்கள். இவை எல்லாமே சராசரி. உடல்வாகு, எடுத்த அளவு, சரக்கின் வீரியம் எல்லாம் சேர்ந்து மாற்றும். இந்த எண்களை நம்பித் தேதி குறிக்காதீர்கள்.

நிறையத் தண்ணீர் குடித்தால், அந்த "டீடாக்ஸ்" பானம் வாங்கினால் சரியாகிவிடுமா?

ஆகாது. அந்தப் பானங்கள் செய்வதெல்லாம் சிறுநீரை நீர்க்கச் செய்வதுதான். நீர்த்திருக்கிறதா என்று கிரியேட்டினின் (சிறுநீரில் இயல்பாகவே இருக்கும் ஒரு கழிவுப் பொருள்) அளவையும் அடர்த்தியையும் வைத்து லேபில் பார்க்கிறார்கள். "டைல்யூட்" என்று வந்தால் பெரும்பாலும் மறுபடி டெஸ்ட், அதுவும் உடனே.

போலிச் சிறுநீர், அடுத்தவர் சிறுநீர் பற்றிக் கேட்பவர்களுக்கு: பல மாநிலங்களில் ட்ரக் டெஸ்டை ஏமாற்றுவது தனிக் குற்றம். ஒரு கோடைக்கால வேலைக்காகக் குற்ற வழக்கை விலைக்கு வாங்கும் வேலை அது. எஃப்-1 மாணவருக்குப் பாசிட்டிவ் முடிவைவிட அது பல மடங்கு ஆபத்து.

ரூம்மேட்தான் புகைக்கிறான். எனக்குப் பாசிட்டிவ் வருமா?

சாதாரணமாக வராது. 50 என்ற எல்லையே இந்த மாதிரிப் புகையைக் கழித்துப் பார்க்க உதவுகிறது. ஜன்னல் எல்லாம் சாத்திய சின்ன அறையில், பலர் புகைக்கும்போது மணிக்கணக்கில் கூடவே உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் ஏறலாம். ஆனால் "பக்கத்தில் இருந்தேன்" என்ற விளக்கத்தை ரிவ்யூ மருத்துவர் ஏற்றுக்கொள்ள மாட்டார். டெஸ்ட் வரும் வாரத்தில் நண்பர் வீட்டில் தூங்கிக்கொள்ளுங்கள்.

அதைவிட ஆபத்து ஃபிரிட்ஜில் இருக்கிறது. கஞ்சா கலந்த பிரவுனியும் ஜெல்லி மிட்டாயும் பார்ப்பதற்குச் சாதாரணமானது போலவே இருக்கும். பகிர்ந்து வாழும் வீட்டில் பேர் எழுதாத இனிப்பை எடுத்து வாயில் போடாதீர்கள்.

சி.பி.டி. எண்ணெய், ஹெம்ப் மிட்டாய் எல்லாம் கடையிலேயே விற்கிறதே?

(இந்தச் சி.பி.டி., அதாவது CBD, கஞ்சாச் செடியில் இருக்கும் போதை தராத ஒரு பொருள். படிப்போடு சேர்ந்த வேலை அனுமதிக்கான சி.பி.டி., அதாவது CPT, வேறு. மாணவர் கூட்டத்தில் இந்தக் குழப்பம் நிஜமாகவே நடக்கும்.)

2018ல் வந்த மத்திய வேளாண் சட்டம், டெல்டா-9 டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்கு மேல் போகாத செடியை ஹெம்ப் என்று பிரித்து அனுமதித்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் பெட்ரோல் பங்க் வரைக்கும் இந்தப் பொருட்கள் வந்தன. லேபிளில் போட்ட அளவும் உள்ளே இருக்கும் அளவும் பல முறை பொருந்துவதில்லை. டி.எச்.சி.யின் இன்னொரு வகையான டெல்டா-8 கலந்த மிட்டாய் சாப்பிட்டாலும் டெஸ்ட் பாசிட்டிவ் வரும். "கடையில் வாங்கினேன், பில் இருக்கிறது" என்பது விளக்கமாகாது.

கசகசா போட்ட குருமா சாப்பிட்டால்?

சிரிக்கிற விஷயமில்லை. கசகசாவால் கஞ்சா டெஸ்டில் ஒன்றும் வராது, ஆனால் அதே சாம்பிளில் ஓபியேட்டுக்கும் (அபினி வகைப் பொருட்கள்) பார்க்கிறார்கள். கசகசாவில் மார்ஃபின், கோடீன் எச்சம் இருக்கலாம். இந்தத் தொல்லைக்காகவே மத்திய அரசு 1998ல் ஓபியேட் எல்லையை 300லிருந்து 2000 நானோகிராமாக உயர்த்தியது. அப்படியும் 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் வீரர்களைக் கசகசாவே சாப்பிட வேண்டாம் என்று எச்சரித்தது. டெஸ்டுக்கு முந்தின சில நாள் குருமாவில் முந்திரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எனக்கு மருந்துச் சீட்டு இருக்கிறது. முன்கூட்டியே சொல்ல வேண்டுமா?

ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைபாட்டுக்கு எடுக்கும் ஆடெரால் போன்ற மருந்துகள், டெஸ்டில் தேடப்படும் ஆம்ஃபெட்டமின் என்ற பொருளாகக் காட்டும். சீட்டையும் மருந்துப் பாட்டில் லேபிளையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரிவ்யூ மருத்துவர் கேட்டால் அவரிடம் காட்டினால் போதும். மேனேஜரிடம் போய் உங்கள் மருத்துவக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவிலிருந்து கொண்டு வந்த மாத்திரை என்றால் அங்கே எழுதிக் கொடுத்த சீட்டும் ஆங்கிலத்தில் கையில் இருக்கட்டும்.

மருத்துவக் கஞ்சா அட்டை இந்த வரிசையில் வராது. அது மத்திய சட்டத்தின் கண்ணில் மருந்துச் சீட்டே இல்லை.

எஃப்-1 விசாவில் இருப்பவர் லீகல் மாநிலத்தில் கஞ்சா எடுத்தால் என்ன ஆகும்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். வேலை போவது சின்ன விஷயம்.

குடிவரவுச் சட்டம் முழுக்க மத்திய சட்டம். 1970ல் வந்த கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள் சட்டம் கஞ்சாவை மிகக் கடுமையான கட்டுப்பாடுள்ள முதல் அட்டவணையில் வைத்தது. மாநிலம் என்ன சொல்கிறது என்பதைக் குடிவரவுச் சட்டம் கேட்பதே இல்லை. குற்றம் நிரூபணமாகித் தண்டனை கிடைக்க வேண்டும் என்றுகூட இல்லை. அந்தக் குற்றத்தின் கூறுகளை நீங்களே வாயால் ஒப்புக்கொண்டால் அதுவே அமெரிக்காவுக்குள் நுழைய விடாமல் தடுக்கப் போதுமான காரணமாகலாம். விமான நிலையத்தில் அதிகாரி ஃபோனைத் திறந்து பார்த்து, "கொலராடோவில் கஞ்சா விற்கும் டிஸ்பென்சரிக்குப் போனாயா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். அங்கே லீகல்தானே என்று நம் பிள்ளையும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்பான்.

பொய் சொல்லலாமா என்றால், கூடவே கூடாது. அதிகாரியிடம் பொய் சொல்வது தனிக் குற்றம், அதன் தடை ஆயுளுக்கும் தொடரலாம். பதில் சொல்லாமல் வக்கீலைக் கேட்க வேண்டும் என்று சொல்லலாம். ஆனால் விசாவில் வருபவரை அதற்காகவே திருப்பி அனுப்பவும் முடியும். ஆக, எந்தப் பதிலும் நல்ல பதிலாக இல்லாத இடம் அது. அந்தக் கேள்விக்கே வேலையில்லாமல் வைத்திருப்பதுதான் உருப்படியான வழி.

2025 ஜூனில் இருந்து எஃப் விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் சமூக வலைதளக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை சொல்லிவிட்டது. கையில் ஜாயின்ட்டோடு எடுத்த படம் யார் பார்வைக்குப் போகும் என்று இனி ஊகிக்கத் தேவையில்லை. விசா விண்ணப்பத்திலும் போதைப் பொருள் பற்றிய கேள்விகள் உண்டு. பிற்பாடு கிரீன் கார்டுக்கான மருத்துவப் பரிசோதனையிலும் இது வரும். கஞ்சா கம்பெனியில் இன்டர்ன்ஷிப் கிடைத்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டாம். மாநில உரிமத்தோடு நடக்கும் தொழிலில் வேலை பார்த்ததுகூடக் குடியுரிமை விண்ணப்பத்தில் நன்னடத்தையைப் பாதிக்கலாம் என்று 2019ல் குடியுரிமைத் துறையே சொல்லியிருக்கிறது.

கஞ்சாவைக் கட்டுப்பாடு குறைந்த மூன்றாம் அட்டவணைக்கு மாற்ற நீதித் துறை 2024 மே மாதம் முன்மொழிந்ததைப் பிடித்துக்கொண்டு, "இனிப் பிரச்சினை இல்லை" என்று பேசுகிறார்கள். மூன்றாம் அட்டவணையில் இருந்தாலும் அது கட்டுப்படுத்தப்பட்ட பொருள்தான். குடிவரவுச் சட்டம் அட்டவணை எண்ணைப் பார்த்து விலக்குத் தருவதில்லை.

பாசிட்டிவ் வந்தால் போலீஸுக்கோ கல்லூரிக்கோ வீட்டுக்கோ போய்விடுமா?

தனியார் கம்பெனி எடுத்த டெஸ்ட் போலீஸுக்குப் போவதில்லை. வீட்டுக்கும் போகாது. கல்லூரி ஏற்பாடு செய்த பயிற்சி என்றால் கல்லூரிக்குத் தெரிய வரும்.

ஆஃபரைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். என் சி.பி.டி. என்ன ஆகும்?

சி.பி.டி. குறிப்பிட்ட கம்பெனிக்கும் தேதிக்கும் மட்டும் தரப்பட்ட அனுமதி. வேலை இல்லையென்றால் உடனே டி.எஸ்.ஓ.விடம் (கல்லூரியில் விசா விவகாரம் பார்க்கும் அதிகாரி) சொல்லி ரத்து செய்ய வேண்டும். "ஆஃபர் ரத்தாகிவிட்டது" என்று சொன்னால் போதும். காரணத்தை எழுதுவதற்கு முன்பு ஒரு குடிவரவு வக்கீலிடம் பேசிவிடுங்கள். பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு இலவச சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது, குடிவரவு விஷயம் பார்ப்பார்களா என்று கேளுங்கள். ஓ.பி.டி.யில் (படிப்பு முடிந்த பிறகு வேலை பார்க்கும் அனுமதி) இருப்பவருக்கு வேலையில்லாத நாட்கள் மொத்தம் 90ஐத் தாண்டக் கூடாது, அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கான ஸ்டெம் நீட்டிப்போடு சேர்த்து 150. அந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

முடிவு தப்பு என்று நினைத்தால், மீதி சாம்பிளை வேறு லேபில் சோதிக்கக் கேட்கலாம். செலவு உங்களுடையதாக இருக்கலாம். கேட்க வேண்டிய கெடு குறைவு.

விண்ணப்பத்தில் "எப்போதாவது எடுத்ததுண்டா" என்று கேட்கிறார்களே?

கலிஃபோர்னியாவில் பெரும்பாலான கம்பெனிகள் முந்தைய கஞ்சாப் பழக்கம் பற்றிக் கேட்கவே கூடாது. மத்திய அரசு வேலைகளில் கேட்பார்கள், நன்றாகவே தோண்டுவார்கள். பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் இன்டர்ன்ஷிப்புகள் அமெரிக்கக் குடிமக்களுக்குத்தான், அதனால் இது இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கான பதில்: அங்கே பழைய பழக்கத்தைவிட மறைத்ததுதான் பெரிய குற்றமாகப் பார்க்கப்படுகிறது. எஃப்.பி.ஐ. முன்பு மூன்று ஆண்டு இடைவெளி கேட்டது. 2021ல் அதை ஓராண்டாகக் குறைத்தது.

டெஸ்ட் உண்டா என்று எச்.ஆர்.யிடம் கேட்டால் சந்தேகப்பட மாட்டார்களா?

"கஞ்சாவுக்கு டெஸ்ட் உண்டா?" என்று மட்டும் எழுதினால் சந்தேகம் வரத்தான் செய்யும். "சேருவதற்கு முன்பு முடிக்க வேண்டிய பின்னணிச் சோதனை, மருத்துவச் சோதனை, ஆவணங்கள் என்னென்ன, எந்தத் தேதிக்குள்? பரீட்சை வாரத்துக்கு ஏற்பத் திட்டமிட வேண்டியிருக்கிறது" என்று கேளுங்கள். முழுப் பட்டியலையும் அனுப்புவார்கள். டெஸ்ட் இருந்தால் அதில் இருக்கும். வேலை நடுவில் திடீர் டெஸ்ட், விபத்து நடந்தால் டெஸ்ட் என்பவை அந்தப் பட்டியலில் வராது. அவை ஊழியர் கையேட்டில் இருக்கும், முதல் நாள் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு அந்தப் பகுதியைத் தேடிப் படியுங்கள்.